தாழிக்குள் இருப்பவர் யார்

ஜப்பானியர் நமக்கு உறவு என்ற பேச்சு எங்கள் லக்ஷ்மிபாய் நகரில் தை பிறக்கும்போதெல்லாம் ஒருமுறை வந்துவிடும். அரசுக் குடியிருப்பின் முற்றத்தில் செங்கல் கூட்டி வைத்த பானை பொங்கிக்கொண்டிருக்கும். பனிமூட்டத்தில் எதிர்வரிசை வீடுகள் பாதிதான் தெரியும். சுள்ளிப் புகையும் பனியும் கலந்து கண்ணைக் கரிக்கும். சால்வைக்குள் கையை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் மூத்தவர் ஒருவர், "ஜப்பான்லயும் இன்னிக்குப் பொங்கல்தான் சார், அவாளும் நம்ம மாதிரியே 'ஹொங்கா ஹொங்கா'ன்னு கூவறா, தெரியுமோல்லியோ?" என்பார். கேட்பவர்கள் முகம் மலர்ந்துவிடும். இந்தியில் கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள்கூடச் சற்று நின்று கேட்பார்கள். அந்த மலர்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஊரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடுத்த இடமாற்ற உத்தரவு வரும்வரை வாழும் குடும்பங்களுக்கு, தங்கள் பண்டிகை எங்கோ ஒரு தீவிலும் கொண்டாடப்படுகிறது என்பது சின்ன ஆறுதல் அல்ல. ஆனாலும் வீட்டுக்குள் வந்து கை கழுவும்போது ஒரு நெருடல் மிஞ்சுகிறது. அந்தச் செய்தி சரியா என்ற சந்தேகம் அதில் ஒரு பங்குதான். ஜப்பானியர் எங்கள் முற்றம்வரை வந்தார்கள், பெருமை தந்தார்கள், போய்விட்டார்கள். நீங்கள் யார் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. என்னை அலைக்கழிப்பது இதுதான்.

அந்தப் பேச்சுக்கு ஒரு மூலவர் உண்டு. டோக்கியோவில் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சுசுமு ஓனோ. 1919இல் பிறந்தவர், 2008இல் மறைந்தார். தமிழின் பக்கம் வருவதற்கு முன்பே பழைய ஜப்பானிய மொழிக்கு அகராதி தொகுத்த பெரிய அறிஞர் என்று தன் நாட்டில் பெயர் பெற்றவர். ஜப்பானிய மொழியின் தோற்றம் பற்றி 1957லேயே நூல் எழுதியிருந்தார். விடை மட்டும் கிடைக்கவில்லை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டியவர் தமிழில் வந்து நின்றார். அப்போது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. அந்த வயதில் ஒருவர் புதிதாகத் தமிழ் கற்றுக்கொண்டு, சென்னைக்கு வந்து தமிழறிஞர் பொற்கோவோடு உட்கார்ந்து சொல் சொல்லாக ஒப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் ஜப்பானுக்குச் சென்று அவரோடு உழைத்தார்கள். ஏறக்குறைய 500 சொற்களுக்கு ஒலி ஒப்புமை காட்டினார். நெல், உலோகம், நெசவு, பெருங்கற்கால ஈமமுறை எல்லாம் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மக்கள் கூட்டத்தோடு தென்னிந்தியாவிலிருந்து வடக்குக் கியூஷூவில் போய் இறங்கின என்பது அவர் வாதம். பிற்காலத்தில் அதைக் கொஞ்சம் மாற்றி, வந்த தமிழும் அங்கே முன்பிருந்த மொழியும் கலந்து ஜப்பானிய மொழி உருவானது என்றார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இரண்டு பெரிய சொற்களஞ்சியங்களை எதிரெதிரே வைத்துக்கொண்டு, ஒலியில் கொஞ்சம், பொருளில் கொஞ்சம் நெகிழ்ச்சி காட்டினால் எந்த இரு மொழிகளுக்கும் இப்படி ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்பது அவர்களுடைய அடிப்படை மறுப்பு. தமிழறிஞர் கமில் சுவலெபில் மட்டும் 1985இல் கதவை முழுவதும் சாத்தாமல், ஆராயத் தக்க கேள்வி என்ற அளவில் எழுதினார். நான் படித்தவரை மறுப்பாளர்கள் பக்கமே எடை அதிகம். அதைவிட என் மனதில் தங்கியது வேறொன்று. இந்த உறவுக்காக அவர் நம் மொழியைக் கற்றார். பதிலுக்கு நாம் என்ன கற்றோம்?

பொங்கலையே எடுத்துக்கொள்வோம், எங்கள் முற்றத்துப் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. ஜனவரி 15ஆம் தேதியை ஜப்பானில் கோஷோகத்சு, அதாவது சின்னப் புத்தாண்டு என்பார்கள். அன்று சிவந்த அசுகிப் பயறு போட்ட அரிசிக் கஞ்சி குடிப்பார்கள். புத்தாண்டு அலங்காரங்களைக் குவித்துக் கொளுத்துவார்கள். வடகிழக்குப் பகுதிச் சிற்றூர்களில் தவிட்டையும் பயற்றுத் தொலியையும் தூவிக்கொண்டு கூவுவார்கள். காக்கையை அழைத்துச் சோறு வைப்பார்கள். நம் போகியும் பொங்கலும் கணுப்பிடியும் ஒன்றாக எதிரே வந்து நின்றால் ஓனோவுக்கு மெய்சிலிர்த்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தேதி பழையது அல்ல. ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல்தான் ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முன் சின்னப் புத்தாண்டு என்பது சந்திர நாட்காட்டியின் முதல் மாதத்துப் பௌர்ணமி. பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். நாட்காட்டி மாறியபோது பதினைந்து என்ற எண் மட்டும் அப்படியே ஜனவரிக்குத் தாவியது. நம் தை முதல் நாளோ சூரியக் கணக்கு. அதுவும் நிலையானது அல்ல, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்ற விகிதத்தில் நகர்ந்துகொண்டிருப்பது. விவேகானந்தர் பிறந்த 1863இன் மகர சங்கராந்தி ஜனவரி 12இல் வந்தது. இரண்டு வெவ்வேறு கணக்குகள் நகர்ந்து வந்து நம் காலத்தில் ஒரே வாரத்தில் சந்தித்திருக்கின்றன. இதைப் போய் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு உறவுக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. மிச்சமிருப்பது கஞ்சியும் காக்கையும் நெருப்பும். சிவந்த பயற்றுக் கஞ்சி கொரியாவிலும் உண்டு, குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலன்று காய்ச்சுவார்கள். நெல்லையும் பயற்றையும் நம்பிப் பிழைத்த மக்கள் எல்லோரும் பஞ்சகாலத்தைக் கடந்த மகிழ்ச்சியைப் பானையில்தான் காட்டியிருக்கிறார்கள். இதில் எனக்கு ஏமாற்றம் ஏதும் இல்லை. உறவு என்று சொல்லாமலேயே இது மனதை நெகிழ்விக்கக் கூடியது.

தாழிகளைப் பற்றிய ஒப்புமை இதைவிடக் கனமானது. கியூஷூவின் சாகா மாவட்டத்தில் யோஷினோகாரி என்ற இடத்தில் 1986இல் தொடங்கிய அகழாய்வு, அகழி சூழ்ந்த ஒரு பெரிய ஊரையும் வரிசை வரிசையாய்ப் புதைத்த ஈமத்தாழிகளையும் வெளிக்கொண்டுவந்தது. பெரிய தாழிகள் இரண்டை வாயோடு வாய் பொருத்திப் படுக்கை வாட்டில் கிடத்தி, பொருத்துவாயைக் களிமண்ணால் பூசியிருக்கிறார்கள். உள்ளே முழங்கால் மடக்கிய உடல். ஒரு தாழியில் தலையில்லாத எலும்புக்கூடு. இன்னொன்றில் அம்பு முனைகளோடு ஓர் உடல். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899க்கும் 1905க்கும் இடையில் தோண்டியெடுத்த தாழிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்த எவருக்கும் யோஷினோகாரிப் படங்கள் ஒரு கணம் திகைப்பைத் தரும். ஆனால் நம் தாழி நிமிர்ந்து நிற்பது, மேலே மூடி போட்டது. அவர்களுடையது இரண்டு வாய் கூடிப் படுத்திருப்பது. அங்கே அவற்றோடு சேர்ந்து கிடைக்கும் கல் அரிவாள், பலகைக் கல்லைத் தாங்கும் ஈமக்கற்கள், வெண்கலக் குத்துவாள் எல்லாம் கொரியத் தீபகற்பத்தை நோக்கிக் கை நீட்டுகின்றன. ஃபுக்குவோக்காவின் இத்தாசுகேயிலும் சாகாவின் நபதாகேயிலும் கிடைத்த பழைய நெல்வயல்களில் விளைந்தது யாங்சி ஆற்றோரம் பழக்கப்பட்ட ஜப்போனிக்கா நெல். கொரியா வழியாகத்தான் கடல் தாண்டியது. 2003இல் ஜப்பானிய வரலாற்று அருங்காட்சியகத்தார் கரிமக் கணிப்பை மறுபடி செய்து, யாயோய் எனப்படும் இந்த நெல்காலத்தின் தொடக்கத்தைப் பொது ஆண்டுக்கு முன் பத்தாம் நூற்றாண்டுவரை பின்னுக்குத் தள்ளினார்கள். அதோடு ஓனோ போட்ட காலக்கணக்கும் ஆட்டம் கண்டது.

இங்கேதான் என் நெருடல் இன்னொரு பக்கம் திரும்புகிறது. நெல்லை வைத்து உறவு பேசும்போது நாம் ஆதி ஜப்பானியரைப் பற்றிப் பேசுவதே இல்லை. நெல் வருவதற்கு முன் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தீவுகளில் மக்கள் இருந்தார்கள். 1877இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர், ஐந்தாண்டுக்கு முன் போடப்பட்டிருந்த யோக்கோஹாமா–டோக்கியோ ரயிலில் போகும்போது, ஓமோரி அருகே தண்டவாளத்துக்காக வெட்டிய மண்ணில் வெள்ளை வெள்ளையாய்க் கிளிஞ்சல் அடுக்கைக் கண்டார். பிறகு இறங்கித் தோண்டினார். மேலே கயிற்றுத் தடம் பதிந்த பானையோடுகள் கிடைத்தன. கயிற்றுத் தடம் என்பதற்கான ஜப்பானியச் சொல்லான ஜோமோன் என்பதே அந்தக் காலத்துக்குப் பெயராயிற்று. இந்தப் பானையை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஈரம் காயாத களிமண் மீது முறுக்கிய நாரைக் கிடத்தி உள்ளங்கையால் உருட்டியிருக்கிறார்கள். புரியின் ஒவ்வொரு முறுக்கும் சாய்ந்த சிறு குழிகளாகப் பதிந்திருக்கிறது. நார் எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது, எத்தனை இழை, எங்கே முடிச்சு என்றுகூடச் சொல்லிவிடலாம். கயிறு மக்கி மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. திரித்த கையின் பழக்கம் மட்டும் மண்ணில் நிற்கிறது. ஆவோமோரியின் ஓதாய் யமமோத்தோவில் கிடைத்த ஓடுகள் சுமார் 16,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. உலகின் மிகப் பழைய மட்பாண்டங்களில் அடங்குபவை. ஜோமோனின் தொடக்ககாலப் பானைகளில் ஒட்டியிருந்த கருகலைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு, அவற்றில் பெரும்பாலும் மீன் முதலான நீர்வாழ் உயிர்களின் கொழுப்பு இருந்ததைக் காட்டியது. உழவு வந்த பிறகுதான் பானை வந்தது என்று பள்ளியில் படித்த வரிசை இங்கே குலைந்துபோகிறது. வயல் இல்லை, ஏர் இல்லை. ஆனால் பானை இருக்கிறது, குழம்பு இருக்கிறது, அதைச் சுற்றி உட்காரும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

சன்னாய் மருயாமா என்ற ஜோமோன் ஊர் இன்றைக்குச் சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆயிரத்து எழுநூறு ஆண்டு நீடித்தது. கஷ்கொட்டை மரங்களைப் பேணி வளர்த்தார்கள், பருத்த ஆறு மரத்தூண்கள் மீது ஏதோ ஒன்றை எழுப்பினார்கள், கசக்கும் கொட்டைகளை நீரில் ஊறவைத்துத் துவர்ப்பு நீக்கினார்கள். மண்ணில் பெண்ணுருவங்கள் செய்தார்கள், அவை பெரும்பாலும் உடைந்தே கிடைக்கின்றன. உடைப்பதும் சடங்கின் ஒரு பகுதியாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேட்டை நாய் செத்தால் கிளிஞ்சல் மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இந்த நாய்தான். வடக்கே ரெபுன் தீவில் கிடைத்த, 3,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ஜோமோன் பெண்ணின் மரபணுத் தொகுதியை 2019இல் முழுமையாக வாசித்தார்கள். இன்றைய ஜப்பானியரின் உடலில் ஜோமோன் பங்கு பத்து முதல் இருபது விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. மிச்சம் நெல்லோடு வந்தவர்களுடையதும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுடையதும். 2021இல் வந்த ஆய்வு, பெரும் கல்லறை மேடுகள் எழுந்த கோஃபுன் காலத்தில் கண்டத்திலிருந்து மூன்றாவது அலை ஒன்றும் வந்தது என்றது. ஜோமோன் பங்கு அதிகமாக இருப்பது ஹொக்கைதோவின் ஐனு மக்களிடம். அவர்களை 1899இல் ஒரு சட்டம் போட்டு உழவராக மாற்றப் பார்த்தது அரசு. மண்டையோடுகளை அளப்பதற்காக அவர்களுடைய இடுகாடுகளைத் தோண்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துச் சென்று அடுக்கி வைத்தன. பூர்வகுடி என்று சட்டமே ஒப்புக்கொண்டது 2019இல்தான். ஐனு மொழி இன்று ஏறத்தாழப் பேச ஆளில்லாத மொழி. ஜப்பானியர் நம் உறவு என்று நாம் முற்றத்தில் மகிழும்போது, அந்தத் தீவின் மூத்த குடியான இவர்கள் நம் பேச்சில் எங்கே இருக்கிறார்கள்? நமக்கு வேண்டியிருப்பது பணக்காரச் சொந்தம் என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

தொன்மை மீதான பசி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை ஜப்பானே அனுபவித்திருக்கிறது. ஷினிச்சி ஃபுஜிமுரா என்ற அகழாய்வாளர் தொட்ட இடமெல்லாம் பல லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் கிடைத்தன. தெய்வக் கை என்றார்கள். பாடநூல்கள் மாறின. 2000 நவம்பர் 5 அன்று மைனிச்சி நாளிதழ், அவர் விடியற்காலையில் ஆளில்லாத குழியில் தானே கருவிகளைப் புதைக்கும் படங்களை வெளியிட்டது. அவர் தொட்ட நூற்றுக்கும் மேற்பட்ட களங்கள் செல்லாதவையாகின. பாடநூல்கள் மறுபடி மாறின. நம் தொல்லியலில் இப்படி எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. கீழடியும் சிவகளையும் உண்மையான மண்ணிலிருந்து உண்மையான பொருட்களைத் தந்தவை. அங்கே வெயிலில் தூரிகையோடு குந்தியிருந்தவர்களின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் ஒவ்வொரு கணிப்பு வெளியாகும்போதும் நம் கைப்பேசிகளில் பறக்கும் வாசகங்களில் அந்தத் தெய்வக் கைக்கான ஏக்கம் தெரிகிறது. ஆண்டு எண்ணைக் கேட்கிறோம். அந்த ஆண்டில் அங்கே என்ன சமைத்தார்கள், குழந்தைகள் எந்த வயதில் செத்தார்கள் என்று கேட்பதில்லை. ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்குவதைக் கண்டு பூரிப்பவர்கள் பலரை அறிவேன். அது பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத மந்திரங்களை ஓதக் கற்ற சித்தம் எழுத்தின் அடுக்கிலிருந்து போனது. அந்த வழியே போதுமான அதிசயம். துறவிகள் மலையும் பாலையும் கடலும் தாண்டித் தூக்கிச் சென்ற ஒலி ஒழுங்கு அது. நமக்கோ அது தமிழாக இல்லாவிட்டால் சப்பென்று போய்விடுகிறது.

இன்னொரு மறதியையும் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் குடியிருப்பின் பெயர் ஜான்சி ராணியின் பெயர். அதே பெயரில் 1943இல் சிங்கப்பூரில் ஒரு படை எழுந்தது. சென்னை மருத்துவர் லட்சுமி தலைமையில் அதில் சேர்ந்த பெண்களில் மிகப் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகள். ஜப்பானியப் படை அவர்களுக்குத் துணை நின்றது. அதே ஆண்டில், அதே தோட்டங்களிலிருந்து, அதே ஜப்பானியப் படை பல்லாயிரம் தமிழர்களை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஏற்றிச் சென்றது. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் காட்டிலேயே மடிந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, பட்டியல்கூட இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. தமிழரும் ஜப்பானியரும் பெருந்திரளாக நேருக்கு நேர் சந்தித்த, ஆவணமுள்ள வரலாறு இதுதான். இதைப் பேசுவது பகை வளர்க்க அல்ல. இந்தத் தில்லியின் மெட்ரோ ஜப்பானியக் கடனில் எழுந்தது, ஐஎன்ஏ நிலையத்தில் நானும் அன்றாடம் ஏறி இறங்குகிறேன், நன்றியும் உண்டு. ஆனால் எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய, ஆவணமுள்ள சாவுகளைத் தாண்டிக் குதித்து, ஆவணமில்லாத இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு உறவுக்கு ஓடும் மனம் எதைத் தேடுகிறது என்று கேட்டாக வேண்டும்.

லக்ஷ்மிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. அதன் வாசலில் மணி அடித்ததும் வெளியே வரும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். தஞ்சாவூர்த் தாத்தா, பாலக்காட்டுப் பாட்டி, தில்லியில் பிறந்த அப்பா. தமக்குள் இந்தி பேசுவார்கள். அம்மாவைக் கண்டால் தமிழுக்கு மாறுவார்கள். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் குறை என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே ஊர், ஒரே வேர் என்று திருத்துகிறோம். ஜோமோன் கிளிஞ்சல் மேட்டையும் யாயோய் வயலையும் கோஃபுன் கல்லறையையும் படித்த பிறகு, அந்தத் தயக்கமே உண்மைக்கு அருகில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு ஜப்பான் தந்திருக்கும் விடையில் மூன்று வருகைகளாவது இருக்கின்றன. அவற்றில் எதுவும் மற்றொன்றை முழுவதுமாகத் துடைத்து எறியவில்லை.

மனோன்மணி சண்முகதாஸ் ஜப்பானின் மன்யோஷூப் பாடல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சுமார் 4,500 பாடல்களின் கடல் அது. பிரிவும் கடற்கரையும் பனியும் காத்திருப்பும் நிறைந்தவை. நம் அகப்பாடல்களோடு வளர்ந்தவர்களுக்கு அவற்றைப் படிக்க எந்தச் சொற்பிறப்பு ஆதாரமும் தேவையில்லை. ஓனோவின் கொள்கை நிற்காமல் போனாலும் அவர் கற்ற தமிழ் வீணாகவில்லை. அந்தக் கடனை நாம் இன்னும் அடைக்கவில்லை. இங்கிருந்து ரிங் ரோடில் சற்றுத் தூரம் போனால் லாஜ்பத் நகரில் ஜப்பான் ஃபவுண்டேஷன் இருக்கிறது, நூலகமும் உண்டு. பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துப் போங்கள். தமிழ் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த தைக்கு ஜப்பானைச் சொல்லும் முன், ஜோமோன் பானையின் படம் ஒன்றைக் கரும்பலகையில் ஒட்டி, இதைச் செய்தவர்கள் தமிழர் அல்லர், நெல் அறியாதவர்கள், நாயைப் புதைத்தவர்கள் என்று பாடத்தைத் தொடங்குங்கள்.